கடைசிப் பந்தியின் வலது ஓரம்

எங்கள் சபையில் திருவிருந்துக்குச் சின்னச் சின்னக் கண்ணாடி கிளாஸ்களைக் கொண்டுவந்தவன் நான். திருவனந்தபுரத்தில் தமிழில் ஆராதனை நடத்தும் சிறிய சபை எங்களுடையது. இன்றைக்கும் ஏதாவது விழாவில் பழைய கதை பேசுகிறவர்கள், அந்தக் காலத்திலேயே சுகாதாரத்தைப் பற்றி யோசித்த மனுஷன் என்று என்னைக் காட்டுவார்கள். நானும் லேசாகத் தலையை ஆட்டிக்கொள்வேன். சுகாதாரத்துக்காக நான் அதைச் செய்யவில்லை. எதற்காகச் செய்தேன் என்று தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். மிச்சமிருப்பவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து இளவயதில் இங்கே வந்தேன். அப்போது வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்பதற்கு முன்பாக "பாண்டியாணோ?" என்றுதான் கேட்பார். தமிழனுக்கு இங்கே அப்படி ஒரு பெயர். சொல்கிற தொனியைப் பொறுத்து அது வெறும் விவரமாகவும் இருக்கும், அறையாகவும் இருக்கும். நான் மலையாளம் கற்றுக்கொண்டேன். மீசையைக்கூடக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். ஆனாலும் பஸ்ஸில் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் யாராவது திரும்பிப் பார்த்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இந்தத் தொல்லை கிடையாது. கோயில் கட்டடம் ஒன்றுதான். முதலில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் மலையாள ஆராதனை. எங்கள் போதகரின் பிரசங்கம் நீண்டுவிட்டால், வெளியே மரத்தடியில் காத்திருக்கும் மலையாளச் சபையார் ஜன்னல் வழியாக எங்களுக்குக் கேட்கும்படி, "பாண்டிகளுடெ பாட்டு இனியும் தீர்ந்நில்லே?" என்பார்கள். நாங்கள் வேண்டுமென்றே இன்னொரு சரணம் பாடுவோம். அந்த நேரத்துக்கு அந்தக் கட்டடம் எங்கள் ஊராக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், அப்படி ஒரு ஞாயிறு ஆராதனை தொடங்கிய பிறகு, பின்வாசல் வழியாக ஒருவன் குனிந்து உள்ளே வந்தான். குனியாவிட்டால் நிலையில் தலை இடித்திருக்கும், அவ்வளவு உயரம். நாங்களும் கறுப்பர்கள்தான். ஆனால் அவனைப் பார்த்த மாத்திரத்தில் நாங்கள் அத்தனை பேரும் சிவப்பாகிவிட்டோம்.

தான்சானியாக்காரன். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க வந்திருந்தான். தங்கியிருந்தது தம்பானூரில் ஒரு லாட்ஜில். அங்கே கீழே இருந்த ஓட்டலில் வேலை பார்த்தவர்கள் நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்துப் பையன்கள். அவர்களில் ஒருவன்தான் எங்கள் கோயிலைக் காட்டிவிட்டிருக்கிறான். அவர்களிடமிருந்து எடுத்த தமிழ், பஸ்ஸிலிருந்து எடுத்த மலையாளம், போதாததற்கு இங்கிலீஷ் என்று அவனுக்கென்று ஒரு பாஷை இருந்தது. பார்த்தவர்களை எல்லாம் அண்ணாச்சி என்றான். போதகரையும் அண்ணாச்சி என்றான். முதல் நாள் என் மனைவியையும் அண்ணாச்சி என்றான். அவள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவளை அம்மா என்று கூப்பிட்டான்.

அன்றைக்கு நாங்கள் பாடிய ஞானப்பாட்டின் மெட்டு அவனுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு அந்த மெட்டைக் கொடுத்த வெள்ளைக்காரர்கள் அவன் ஊருக்கும் போயிருக்கிறார்கள். அவன் சுவாஹிலியில் பாடினான். அடிக்குரல். நாங்கள் பிடித்திருந்த பெஞ்சின் முதுகுப் பலகை அதிர்ந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அந்தச் சரணம் அதுவரை கேட்காத மாதிரி இருந்தது. இதையும் சொல்ல வேண்டும்: எனக்கு அவனைப் பிடித்திருந்தது. பிடிக்காத ஒருவனுக்குச் செய்திருந்தால் இதை எழுதுவது இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

சில ஞாயிறுகளில் ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். முதல் தடவை வந்தபோது தம்ளரில் இருந்த தண்ணீரைப் பார்த்துத் தயங்கினான். திருவனந்தபுரத்து வீடுகளில் பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சுவதால் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். வைனா என்று கேட்டான். "நம்ம போதகர் ஐயர் தந்துவிட்டது இல்லப்பா, அடுப்புல காய்ச்சினதுதான். பயப்படாமக் குடி" என்றாள் என் மனைவி. அவன் தம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தான். நம் வீடுகளில் அண்ணாந்து ஊற்றிக் குடிப்போம், வாய் வைக்கமாட்டோம். எச்சில் என்பது நமக்கு அவ்வளவு பெரிய விஷயம். அவள் கோபிக்கவில்லை. எப்படிக் குடிப்பது என்று செய்து காட்டினாள். அவன் முயன்றான். பாதித் தண்ணீர் சட்டையில் போயிற்று, மூக்கிலும் ஏறிற்று. இருமிக்கொண்டே இன்னொரு தம்ளர் கேட்டான். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் அவன் சட்டை நனையாமல் தண்ணீர் குடித்ததில்லை. அவள் அவனுக்கென்று தோளில் போட ஒரு துண்டே எடுத்து வைத்திருந்தாள்.

அந்த ஊரில் அவனால் எங்கேயும் மறைந்து நிற்க முடியவில்லை. சபைச் சுற்றுலாவாக வேன் எடுத்துப் பொன்முடிக்குப் போனோம். அங்கே வந்திருந்த கல்லூரிப் பையன்கள் அவனை வெஸ்ட் இண்டீஸ் பந்துவீச்சாளர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இல்லை என்று சொல்லிப் பார்த்தான், அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆட்டோகிராப் போட்டுக் கொடுத்தான். பிறகு ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து வீசச் சொன்னார்கள். வாழ்க்கையில் கிரிக்கெட் மட்டையைத் தொட்டிராதவன். பந்து தேயிலைக்குள் போய் விழுந்தது. "ஸ்பின்னர், ஸ்பின்னர்" என்று கை தட்டினார்கள். எங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான். வரிசையாக நின்று அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் வித்துராவில் டீக்கு நிறுத்தினோம். வேனைவிட்டு அவன் இறங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். இன்றைக்குப் போதும் என்றான். டீயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் இங்கிலீஷில் மெல்லச் சொன்னதன் சாரம் இது: இந்த ஊரில் எல்லாரும் நல்லவர்கள், யாரும் அடித்ததில்லை. ஆனால் காலையில் கதவைத் திறந்ததிலிருந்து ராத்திரி சாத்துகிறவரை யாராவது பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் கோயிலில் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போடுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னை யாரும் பார்ப்பதில்லை. எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். அதற்காகவே அடுத்த திருவிருந்து ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். கடைசியில் சிரித்துக்கொண்டு தமிழில், "அங்க ஞானும் ஒரு அண்ணாச்சி" என்றான்.

எனக்கு அது உள்ளே தைத்தது. நான் அந்தக் கோயிலுக்கு வருவதும் அதற்காகத்தானே.

ஆனால் எல்லாரும் கண்ணை மூடியிருக்கவில்லை. எங்கள் சபையில் திருவிருந்து பந்தி பந்தியாக நடக்கும். பீடத்தின் முன்னே உள்ள கிராதியை ஒட்டி ஒரு வரிசை முழங்காற்படியிடும். போதகர் இடமிருந்து வலமாக அப்பம் கொடுத்துக்கொண்டு வருவார். பிறகு வெள்ளிப் பாத்திரத்தில் திராட்சரசம். எல்லாருக்கும் ஒரே பாத்திரம். ஒருவர் வாய் வைத்ததும் விளிம்பைத் துணியால் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார். ஒரு வரிசை எழுந்ததும் அடுத்தது. யார் எந்தப் பந்தியில் போவது என்று பெஞ்சோரம் நின்று கை காட்டி அனுப்புவது என் வேலை. கமிட்டிச் செயலாளரும் நான்தான்.

கமிட்டியில் ஓய்வுபெற்ற என்ஜினீயர் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், நல்ல கொடையாளி. ஒரு ஞாயிறு செருப்புப் போடும் இடத்தில் என்னை ஓரமாக நிறுத்தினார்.

"அண்ணாச்சி, பேப்பர் படிக்கியள்லா. அந்தச் சீக்கு எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு போட்டிருக்கான். நான் அந்தப் பையனைத் தப்பா ஒண்ணும் சொல்லல்ல, கேட்டோ. நல்ல பிள்ளைதான். ஆனா எனக்குப் பேரப்பிள்ளைய இருக்கு."

பாத்திரத்தில் வாய் வைத்தால் எய்ட்ஸ் தொற்றாது என்றும் அதே பேப்பரில்தான் போட்டிருந்தது. நான் படித்திருந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அப்படி ஒரு நோய் இருக்கிறது என்று எதை வைத்து முடிவு கட்டினீர்கள் என்றும் கேட்டிருக்கலாம். நான் பார்ப்போம் என்றேன்.

அடுத்த வாரமே அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் நீ கடைசிப் பந்தியில் வா என்றேன். அதிலும் வலது ஓரத்தில் இரு என்றேன். ஏன் என்று கேட்டான். கேட்பான் என்று தெரிந்து பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். எங்கள் கல்யாண வீடுகளில் விருந்தாளிகள் முதல் பந்தியில் உட்காருவார்கள், வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார்கள், நீ இனிமேல் விருந்தாளி இல்லை, வீட்டுக்காரன் என்றேன்.

இதை நான் இங்கிலீஷில் சொன்னேன். 'வீட்டுக்காரன்' என்பதை மட்டும் தமிழில் சொன்னேன். அவன் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அடுத்த திருவிருந்து ஞாயிறு டை கட்டிக்கொண்டு வந்தான். கடைசிப் பந்தியில், வலது ஓரத்தில், முதுகை நிமிர்த்தி முழங்காற்படியிட்டான். அவனுக்குப் பிறகு அந்தப் பாத்திரத்தில் வாய் வைத்தவர் போதகர் ஒருவர்தான். மீதியைத் தீர்க்க வேண்டியது அவர் கடமை. அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை, என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை.

இப்படியே போயிருக்கும். ஒரு ஞாயிறு, தாமதமாக வந்த ஒரு பெண், கைக்குழந்தையைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு அவசரமாகப் போய் அவனுக்கு வலப்பக்கம் மிச்சமிருந்த இடத்தில் முழங்கால் போட்டாள். அப்பம் வாங்கினாள். பாத்திரம் அவன் உதட்டிலிருந்து அவளிடம் வந்தபோது எழுந்துவிட்டாள். எழுந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டாள். எல்லாருடைய கண்ணும் திறந்திருந்தது. ஆராதனை முடிந்ததும் அவன்தான் முதலில் என்னிடம் வந்து, அந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தான். ஆமாம், தலைசுற்றல் என்றேன்.

அதற்குப் பிறகு கூடிய கமிட்டியில் நான் ஒரு திட்டம் வைத்தேன். ஒரே பாத்திரம் பழைய முறை, ஊரில் மஞ்சள் காமாலை பரவுகிறது, வெளிநாட்டுச் சபைகளில் எல்லாம் ஆளுக்கொரு சின்ன கிளாஸ் வந்துவிட்டது என்றேன். கிருமிகளைப் பற்றி விளக்கினேன். படித்தவன், கேட்கிறவர்களுக்கு நம்பும்படி பேசத் தெரிந்தவன். அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. என்ஜினீயர் உடனே ஆமோதித்தார். போதகர் மட்டும் தலையைக் குனிந்தபடி, "ஒரே பாத்திரம்னு சொல்லித்தானே கையில குடுக்கோம். இனிமே என்னன்னு சொல்லிக் குடுக்க?" என்று கேட்டார். உள்ளே இருப்பதுதான் முக்கியம், ஏனம் முக்கியமில்லை என்று நான் பதில் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. எல்லாரும் கை தூக்கினார்கள்.

சாலைக் கடைத்தெருவில் அலைந்து நானே கிளாஸ்களை வாங்கினேன். விரல் உயரம்தான் இருக்கும். தச்சரிடம் சொல்லி, குழி குழியாகத் துளை போட்ட மரத்தட்டு செய்தோம். முதல் ஞாயிறு தட்டு வரிசையாகப் போனது. வலது ஓரத்தில் அவன் தன் கிளாஸை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடித்தான். அன்றைக்கு எல்லாரும் எந்தப் பந்தியிலும் எந்த இடத்திலும் தாராளமாக முழங்கால் போட்டார்கள். அவனுக்கு இரு பக்கமும் ஆள் இருந்தது. வெளியே வந்ததும் என்னைத் தேடி வந்து, "அண்ணாச்சி, கொள்ளாம்" என்றான். நன்றாக இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி நேராக அடுக்களைக்குப் போனாள். சோற்றை வடித்துவிட்டு அடுக்களையிலிருந்து வந்து நின்றாள்.

"மாமா சின்ன வயசுல டீக்கடையில சிரட்டையில வாங்கிக் குடிச்ச கதைய எனக்குச் சொன்னது யாரு? நீங்கதான?"

அவ்வளவுதான் கேட்டாள். உள்ளே போய்விட்டாள்.

மாமா என்று அவள் சொன்னது என் அப்பாவை. அவர் சிறுவனாக இருந்தபோது, எங்கள் ஆட்களுக்கு டீக்கடையில் கிளாஸ் தரமாட்டார்கள். வெளியே செருகி வைத்திருக்கும் தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். மேலே இருந்து ஊற்றுவார்கள். பிறகு குடும்பத்தோடு கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தார்கள். கோயிலில் வெள்ளிப் பாத்திரத்தில் முதன்முதலாக வாய் வைத்த நாளை அப்பா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் குடித்தவர், எங்களைத் தன் தெருவில் நடக்கவிடாத குடும்பத்திலிருந்து வந்தவர். அப்பாவுக்குப் பின்னால் குடித்தவரும் அதே குடும்பம். "என் எச்சிலை அவர் குடிச்சாருடா" என்பார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். மூவொரு தேவன், பாவமன்னிப்பு, நித்திய ஜீவன் எல்லாம் அவருக்குப் பிறகுதான் புரிந்தது. முதலில் புரிந்தது அந்த ஒரு மடக்கு. எங்கள் குடும்பத்துக்கு விசுவாசம் அந்த விளிம்பு வழியாகத்தான் வந்தது.

எனக்கு இந்தக் கதை தெரியாமல் இல்லை. வாலிபர் கூட்டங்களில் இதைச் சாட்சியாகவே சொல்லியிருக்கிறேன். அந்நியனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் வேதப்பகுதியை, அவன் எதிரே உட்கார்ந்திருக்க, நானே மேடையிலிருந்து வாசித்திருக்கிறேன். ஒரு மனிதன் தனக்குத் தெரிந்த ஒன்றை எப்படித் தனக்குத் தெரியாமல் வைத்துக்கொள்கிறான் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எனக்குக் கிடைத்த விடை பெருமைப்படும்படி இல்லை. பாண்டி என்று வெளியே கேட்டுக் கேட்டு, உள்ளே நாங்கள் வீட்டுக்காரர்களாக இருந்தோம். அந்த இடம் அவனால் கலைந்துவிடும், என்ஜினீயர் போன்றவர்கள் வேறு சபைக்குப் போய்விடுவார்கள் என்று பயந்தேன். என் இடத்தைக் காப்பாற்ற அவன் இடத்தைக் கொடுத்தேன். கொடுத்ததும் அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்து அவன் போனான். போகும் முன் சபையில் சுவாஹிலியில் ஒரு பாட்டுப் பாடினான். என் மனைவி முறுக்கும் அச்சப்பமும் கட்டிக் கொடுத்தாள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு சில கிறிஸ்துமஸ்களுக்கு வாழ்த்து அட்டை வந்தது. பிறகு அதுவும் நின்றது. என் மனைவி சில வருஷம் கழித்துச் சிறுநீரகம் பழுதாகி இறந்தாள். கடைசி வாரத்தில் போதகர் வீட்டுக்கு வந்து, அவளுக்கும் அந்தச் சின்ன கிளாஸில்தான் கொடுத்தார். அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் ஓய்வுபெற்றுத் தனியாக இருந்த காலத்தில், ஒரு மாலை வாசலில் யாரோ "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்கள். அந்த அடிக்குரலில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நிலையில் குனிந்து உள்ளே வந்தான். தலை நரைத்துக் கொஞ்சம் பருத்திருந்தான். அவன் ஊரில் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறானாம், இங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்குக்கு வந்திருக்கிறான். அம்மா எங்கே என்று அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தான். நான் சொன்னதும் அங்கேயே, அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் ஞாயிறு. கோயிலுக்கு வந்தான். புதுப் போதகர் அவனைச் சில வார்த்தைகள் பேசச் சொன்னார். இங்கிலீஷில் தொடங்கி, ஞாபகம் வரவர எங்கள் பாஷைக்கு வந்தான். பழைய ஆட்கள் 'கேட்டியளா' என்று பூரித்துப்போனார்கள். பிறகு தன் ஊரைப் பற்றிச் சொன்னான். அந்த நோய் அவன் ஊர்ச் சபையிலும் வீடு வீடாக நுழைந்திருந்தது. நோயாளிகள் பாத்திரத்தில் வாய் வைத்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். அதனால் அவர்கள் திருவிருந்துக்கு வருவதை விட்டார்கள். அப்படி வராமல் நின்றவர்களில் அவனுடைய கூடப்பிறந்த அக்காவும் ஒருத்தி.

அப்போதுதான் தனக்கு இந்தக் கோயில் ஞாபகம் வந்தது என்றான். மேலும் சொன்னான்: எங்கள் ஊரில் போய்ச் சொன்னேன், இந்தியாவில் ஒரு தமிழ்ச் சபை இருக்கிறது. அங்கே ஒரு நோயாளியும் இல்லை. ஆனாலும் யாரும் யாருக்கு முன்னாலும் கூச்சப்படக்கூடாது என்று, அன்பினால் மட்டும், ஆளுக்கொரு கிளாஸ் வைத்தார்கள் என்று சொன்னேன். எங்கள் சபையும் வாங்கியது. என் அக்கா மறுபடியும் வந்தாள். சாகும்வரை மாதா மாதம் வந்தாள். இதைச் செய்து காட்டியவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லி, என்னைக் கை நீட்டிக் காட்டினான்.

சபை கை தட்டியது. என்ஜினீயர் அப்போது உயிரோடிருந்தார், தடியை ஊன்றிக்கொண்டு முன் வரிசையில் இருந்தார். அவர் கை தட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் திருவிருந்து. நான் கை காட்டாமலே அவன் கடைசிப் பந்திவரை காத்திருந்து, வலது ஓரத்தில் போய் முழங்காற்படியிட்டான்.

மறுநாள் மத்தியானம் சென்னை வண்டியில் அவன் புறப்பட வேண்டும். தம்பானூர் ரயில் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். வீட்டிலிருந்து ஒரு பாட்டிலில் பதிமுகத் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். வழிக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது, புறப்பட இன்னும் நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம். போகிறவர்கள் வருகிறவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அதைக் கண்டுகொள்ளாமல் அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். மறுபடியும் எனக்கு நன்றி சொன்னான்.

ராத்திரி முழுவதும் தூங்காமல் யோசித்து வைத்திருந்த முன்னுரை ஒன்றும் வாயில் வரவில்லை. கிளாஸ் வாங்கியது அன்பினால் அல்ல, உனக்குப் பிறகு யாரும் வாய் வைக்கமாட்டேன் என்றதால்தான் என்று இங்கிலீஷில் நேராகச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குத் தலைசுற்றல் இல்லை என்று சொன்னேன். திட்டம் என்னுடையது என்றும் சொன்னேன்.



"அம்மாவுக்கு அறியுமோ?" என்று கேட்டான்.

தெரியும், அவளுக்கு அது பிடிக்கவில்லை, அதற்குப் பிறகு என்னை அவள் பழைய மாதிரி பார்க்கவில்லை என்றேன். தலையை ஆட்டினான். அதில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்த மாதிரி தோன்றியது. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"வீட்டுக்காரன்னு பறஞ்ஞது?"

"அதுவும்தான்" என்றேன்.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்வான் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்பதை அந்த நிமிஷத்தில்தான் உணர்ந்தேன். பாவத்தை அறிக்கையிட்டால் சுத்தமாகலாம் என்று சிறு வயதிலிருந்து படித்திருக்கிறேன். அறிக்கையைக் கேட்கிறவனுக்கு என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. இத்தனை வருஷம் நான் சுமந்ததை இறக்கி அவன் தோளில் வைத்துவிட்டேன். அவன் அக்காவின் கதைக்குள்ளும் அதைக் கலந்துவிட்டேன். இனி அவன் ஊர்க் கோயிலில் அந்தத் தட்டு வரும்போது அவனுக்கு என்ன தோன்றும்? அக்கா திரும்பி வந்தது பொய்யாகிவிடுமா? ஆகாது என்றுதான் நம்புகிறேன். என் கெட்ட எண்ணத்தை எடுத்துக் கடவுள் எங்கோ ஒரு பெண்ணுக்கு நல்லது செய்துகொண்டார் என்று போதகர் யாராவது ஆறுதல் சொல்லலாம். அப்படியானாலும் அது கடவுள் கணக்கு. என் பெயரில் அதை எழுதிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் அவனுக்கு நல்லது, சொன்னதால் எனக்கு நல்லது. அன்றைக்கும் நான் என் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டேனோ என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

வண்டி புறப்படப் போவதாக அறிவித்தார்கள். அவன் எழுந்து பையை எடுத்துக்கொண்டான். என்ன செய்வது என்று தெரியாமல் நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். மூடியைத் திறந்தான். அண்ணாந்து, பாட்டிலை வாயிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்து, சீராக ஊற்றினான். இளஞ்சிவப்பாக ஒரே கம்பியாக இறங்கியது. என் மனைவி சொல்லிக்கொடுத்த அதே மாதிரி. ஒரு சொட்டும் சட்டையில் விழவில்லை.

மூடியைத் திருகி, பாட்டிலை என் கையில் திருப்பிக் கொடுத்தான். "வரட்டே, சார்" என்று சொல்லிவிட்டு, படியில் குனிந்து ஏறினான்.

வண்டி போன பிறகும் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. மூடியைத் திறந்து, வாய் வைத்துக் குடித்தேன். அவன் உதடு படாத தண்ணீர்.